நிர்வாகி தடுத்திருக்கிறார்

அந்தப் போனோடு மல்லுக்கட்டுவது துயெனுக்குப் புதிதில்லை. மலிவு விலைப் போன். கேபிள் செருகும் வாய் தளர்ந்துபோய், லேசாக மேலே தூக்கிப் பிடித்தால்தான் கம்ப்யூட்டர் அதை அடையாளம் கண்டுகொள்ளும். டா நாங் நகரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்தது அவர்களுடைய ஆபீஸ். கீழே பல்லைக் கடையும் சத்தம் ஓயாது. அன்று காலை அந்தச் சத்தத்துக்கு நடுவே கேபிளைத் தூக்கினாள், இறக்கினாள், கழற்றி ஊதிவிட்டு மறுபடி செருகினாள். போனில் சார்ஜ் ஏறியது. ஆனால் செயலி எழுதும் மென்பொருளில், இணைந்திருக்கும் போன்களின் பெயர் வரவேண்டிய இடம் காலியாகவே கிடந்தது.

"போனுக்கு உங்க மேல கோவம்க்கா," என்றான் லாம். எழுதி முடித்த செயலிகளைச் சோதித்துப் பார்ப்பது அவன் வேலை.

"கோவம்னா சார்ஜ் மட்டும் ஏத்திக்குமா?"

"எங்க மாமா அப்படித்தான். யார்கிட்டயும் பேசமாட்டார். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கரெக்டா வந்துருவார்."

துயென் சிரித்தாள். ஆனால் அவளுக்கு அவசரம். அக்டோபர் நெருங்கிக்கொண்டிருந்தது. டா நாங்கில் அக்டோபர் என்றால் வெள்ளம்தான்.

அவர்கள் செய்திருந்த செயலிக்குப் பெயர் 'கணுக்கால்'. மழை பெய்யும்போது அவரவர் வாசலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று ஜனங்களே அதில் சொல்லலாம். கணுக்கால், முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று நான்கு படங்கள். எதையாவது தொட்டால் போதும், ஊர் வரைபடத்தில் அந்தச் சந்து நீலமாகும். ஆழம் கூடக் கூட நீலம் கறுக்கும். காய்ந்த தரை வெள்ளை. அதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி இருப்பவர்கள் பைக்கை மேட்டில் நிறுத்துவார்கள், அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுவார்கள். மூன்று வருடமாக ஒவ்வொரு வரியும் துயென் எழுதியது. ஆட்களைப் பிடிப்பது, பேசுவது, கையெழுத்து வாங்குவதெல்லாம் கியெட். கல்லூரியில் அவளுக்கு நான்கு வருடம் முன்னால் படித்தவன், அதனால் அண்ணன்.

இரண்டு நாள் முன்பு லூ அத்தை போன் பண்ணியிருந்தாள். ஊரின் தாழ்ந்த பக்கத்தில் போ லாவ் என்று ஒரு பகுதி. அங்கே பைக் கழுவும் கடை நடத்துகிறவள். செயலி வந்த முதல் வருடமே சந்துக்காரர்களை எல்லாம் உட்காரவைத்து அவரவர் போனில் ஏற்றிக்கொடுத்தவள்.

"ஏம்மா துயென், நேத்து மழைக்கு எங்க வாசல்ல முழங்கால் தண்ணி. நான் அழுத்துறேன், நன்றின்னு வருது. அப்புறம் பாத்தா வரைபடத்துல ஒண்ணுமில்ல. பக்கத்து வீட்டுக்காரனும் அழுத்துனான். அவனுக்கும் நன்றி. எனக்கு நன்றி எதுக்குடி, நான் என்ன கல்யாணத்துக்கா வந்தேன்?"

துயென் தன்னுடைய போனில் போட்டுப் பார்த்தாள். அது ஆபீசின் சோதனை சர்வரோடு பேசும் போன். அதில் எல்லாம் ஒழுங்காக நீலமானது. லூ அத்தை வைத்திருப்பதும் பக்கத்து வீட்டுக்காரன் வைத்திருப்பதும் ஒரே மலிவுப் போன் வகை. கோளாறு அந்த வகையில்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தாள். ஆபீசிலும் அதே வகைப் போன் ஒன்று உண்டு. ஏதோ கூட்டத்தில் காட்டுவதற்கென்று கியெட் கொண்டுபோய்த் திருப்பித் தராமலே இருந்தான். லாம் விடாமல் நச்சரித்து வாங்கிவந்திருந்தான். "போன்ல இருந்ததையெல்லாம் துடைச்சுட்டுப் புதுசா ஏத்தியிருக்கேன், பாத்துக்கங்க," என்று மட்டும் சொல்லி கியெட் கொடுத்தானாம். அந்தப் போன்தான் இப்போது கம்ப்யூட்டரோடு பேசமாட்டேன் என்றது.

முதலில் கேபிளை மாற்றினாள். சில கேபிள்கள் மின்சாரத்தை மட்டும் கடத்தும், தகவலைக் கடத்தாது. லாமின் கேபிள், பல் டாக்டரின் உதவியாளரிடம் கடன் வாங்கிய கேபிள், இரண்டிலும் சார்ஜ் ஏறியதோடு சரி. கம்ப்யூட்டரின் வேறு வாயில் செருகினாள். போனை அணைத்துப் போட்டாள், கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டாள். போனை அடையாளம் காணும் மென்பொருளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நிறுவினாள். வழக்கமாகப் போன் திரையில், 'இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?' என்றொரு கேள்வி எழும். சம்மதம் என்று தொட்டால் வேலை முடிந்தது. அந்தக் கேள்வி எழவே இல்லை.

"ஒயர் இல்லாம வைஃபையில பிடிச்சுப் பாருங்களேன்," என்றான் லாம்.

"அதுக்கும் போன்ல டெவலப்பர் அமைப்பு திறந்திருக்கணுமே. துடைச்சதுல அது மூடியிருக்கும். காலையிலேயே எனக்குத் தோணியிருக்கணும்."

செயலி எழுதுகிறவர்களுக்கென்று போனுக்குள் ஒளிந்திருக்கும் அந்த அமைப்பைத் திறக்க ஒரு வழி உண்டு. அமைப்புகளுக்குள் போய், போனின் பதிப்பு எண்ணை ஏழு முறை தட்டவேண்டும். துயென் தட்டினாள். வழக்கமாக, நீங்கள் இப்போது டெவலப்பர் ஆகிவிட்டீர்கள் என்று வரும். இந்த முறை வேறொன்று வந்தது.

'இதை உங்கள் நிர்வாகி தடுத்திருக்கிறார்.'

"நிர்வாகியா?" என்று லாம் எட்டிப் பார்த்தான். "இங்க நிர்வாகி நீங்கதானேக்கா. நீங்களே உங்களைத் தடுத்துக்கிட்டீங்களா?"

பெரிய கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் போன்களை இப்படிக் கட்டிப்போடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். போனின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தாள். அங்கே ஒரே ஒரு வரி. 'இந்தப் போன் நிலாத்துறை மனை நிறுவனம், விற்பனைப் பிரிவுக்குச் சொந்தமானது.'

நிலாத்துறையைத் தெரியாதவர் அந்த ஊரில் கிடையாது. போ லாவுக்குப் பின்னால் இருந்த குளத்தை மண்ணடித்துத் தூர்த்து, வரிசையாக மாடிவீடுகள் கட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். பாலத்தில் ஏறினால் இறங்கும்வரை அவர்களுடைய விளம்பரப் பலகைகள்தான்.

துயென் போனில் இருந்த 'கணுக்கால்' செயலியைத் திறந்தாள். வரைபடத்தை நகர்த்திப் போ லாவுக்குக் கொண்டுபோனாள். சந்துகள் எல்லாம் வெள்ளை. பின்னால் புதிய வீடுகள் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன நிலாப் படம், அதன் அடியில் 'உயரமான நிலம்' என்று எழுத்து. அவள் லூ அத்தையின் சந்தைத் தேர்ந்தெடுத்து இடுப்பளவு தண்ணீர் என்று அழுத்தினாள். நன்றி வந்தது. சந்து வெள்ளையாகவே இருந்தது. பக்கத்துத் தெருவைத் தேர்ந்தெடுத்து அதையே அழுத்தினாள். உடனே கருநீலமானது.

லாம் இப்போது சிரிக்கவில்லை. "வீடு வாங்க வர்றவங்ககிட்ட இதைத்தான் காட்டுறாங்களாக்கா?"

"விற்பனைப் பிரிவுன்னு போட்டிருக்கே. பின்ன எதுக்கு?"

ஆகஸ்டில், ஊர் ஜனங்களின் போன்கள் பேசும் சர்வரை வேறு இடத்துக்கு மாற்றுகிறேன் என்று கியெட் சொன்னதும், புதுக் கடவுச்சொல்லை நாளைக்குத் தருகிறேன், நாளைக்குத் தருகிறேன் என்று இழுத்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தன. கோளாறு போனில் இல்லை. கேபிளிலும் இல்லை. காலையிலிருந்து அவள் தேடிய இடமெல்லாம் தப்பு.

கியெட்டை ஆற்றங்கரைக் காபிக் கடையில் பிடித்தாள். வடிகட்டியிலிருந்து தம்ளர் பாலில் காபி சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் போனை மேசையில் வைத்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"இதை ஏன் நோண்டுன?"

"சரி பண்றதுக்குத்தாண்ணே. நோண்டுறதுதானே என் வேலை."

"நம்ம போன்லயே அவங்க ஆளுங்க எல்லாத்தையும் ஏத்தி அவங்க மேசையில வச்சிருந்தாங்க. லாம் நச்சரிச்சான்னு, துடைக்காம அப்படியே தூக்கிக் குடுத்துட்டேன்." தன்மேலேயே சலித்துக்கொண்டான். "நானே உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப? மழை நின்னதுக்கப்புறமா?"

"உக்காரு துயென். ஒரு காபி சொல்றேன். அவங்க பொய் சொல்லச் சொல்லல. கம்பெனியை வாங்கிக்கறேன்னாங்க, அந்த ஒரு இடத்தை மட்டும் காட்டாம விடுங்கன்னாங்க. அவ்வளவுதான். காட்டாம இருக்கறது பொய்யா?"

"வெள்ளையாக் காட்டுறீங்களே. வெள்ளைன்னா காஞ்ச தரைன்னு நீங்களும் நானும்தானே உக்காந்து முடிவு பண்ணோம்."

"வெள்ளை உறுத்துதுன்னா சாம்பல் போட்டுக்கலாம்."

அவன் விளையாட்டுக்குச் சொல்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டில்லை.

"அங்க ஆளுங்க இருக்காங்கண்ணே."

"போ லாவ் ஜனத்துக்குத் தண்ணி வர்றது தெரியாதா? பொறந்ததுலேர்ந்து பாக்கறாங்க. அவங்களுக்கு எதுக்குச் செயலி?"

"அப்ப நான் எதுக்கு மூணு வருஷம் எழுதுனேன்?"

"உனக்குப் பிடிச்சுது, எழுதுன," என்றான் கியெட், மெதுவாக, ஆறுதல் சொல்கிறவன் மாதிரி. "நான் என்ன உன்னை நடுத்தெருவுல விட்டேனா? மூத்த பொறியாளர்னு உன் பேரைக் குடுத்திருக்கேன். நவம்பர்லேர்ந்து அவங்க கட்டடத்துல ஆபீஸ். ஏசி, கேன்டீன், எல்லாம் உண்டு. பல் கடையிற சத்தம் இருக்காது."

"விக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேக்கணும்னு எந்தத் தாள்லயும் இல்லையே தங்கச்சி."

அது உண்மைதான். கம்பெனியைப் பதிவு செய்த சமயத்தில் துயெனின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். "இந்த அலைச்சலையெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ அப்பாவைப் பாரு," என்று கியெட் சொல்லியிருந்தான். அப்பா போனபின்னும் அவள் அதை எத்தனையோ பேரிடம் நன்றியோடு சொல்லியிருக்கிறாள். எல்லாத் தாளும் அவன் பேரில் இருந்தது. அவள் சம்பளம் வாங்கும் ஆள். அந்தக் காபிக் கடையில் உட்கார்ந்து, தான் இத்தனை நாள் நன்றி சொன்ன விஷயத்தையே அவள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். காபியைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

மறுநாளே வேலையை விட்டாள். லாம் வேலையை விடவில்லை. படியிறங்கும்போது கூடவே வந்து, "எனக்கு வேற வழியில்லக்கா, வீட்டுல நிலைமை தெரியும்ல," என்றான். "தெரியும்டா," என்றாள். அவன்மேல் அவளுக்குக் கோபமில்லை. கோபப்படவும் அன்று தெம்பில்லை.

செயலிக்காக அவள் எழுதிய பழைய நிரலின் நகல் ஒன்று அவளிடம் இருந்தது. அதைத் தூசிதட்டி வேறு பேரில் வெளியிட்டாள். ஒரு வாரம்கூட ஓடவில்லை. பதிவு செய்யப்பட்ட செயலியைத் திருடியது என்று புகார் போய், அது நீக்கப்பட்டது. புகார் கொடுத்தவர் என்ற இடத்தில் கியெட்டின் முழுப் பெயர் இருந்தது. தான் எழுதியதைத் தானே திருடியதாக வந்த அறிவிப்பை அவள் படித்துவிட்டு, போ லாவுக்குக் கிளம்பினாள்.

லூ அத்தை ஒரு பைக்குக்கு நுரை அடித்துக்கொண்டிருந்தாள். துயென் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை குழாயை நிறுத்தவில்லை.

"ஆக, நாங்க அழுத்துனதெல்லாம் குப்பைக்குப் போச்சு."

"ஆமா அத்தை."

"எங்க தண்ணி எங்க வாசல்லதான் இருக்கு. ஆனா படத்துல இல்ல. மழைக்கே காசு குடுத்துப் பேசி வச்சுட்டாங்க போல." குழாயை மூடினாள். "சரி, எங்களுக்குக் கண்ணு இருக்கு, நாங்க சமாளிச்சுக்குவோம். பின்னாடி புதுசா வந்திருக்காங்களே, அதுங்க என்ன பண்ணும்?"

இருவரும் வீடுவீடாகப் போய்ச் சந்துக்காரர்களின் எண்களை வாங்கி, போனில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். தண்ணீர் ஏறினால் யாராவது ஒருவர் எழுதவேண்டும், அவ்வளவுதான். புதிய வீடுகளுக்குப் போனபோது வாசல் காவல்காரன் உள்ளே விடவில்லை. "வெளி ஆளுங்க உள்ள வந்து வதந்தி பரப்பக்கூடாதுன்னு உத்தரவு," என்றான். லூ அத்தை அவனிடம், "தம்பி, உன் நாற்காலியை மட்டும் மறக்காம மாடியில ஏத்திடு," என்றாள்.

அக்டோபர் நடுவில் பெரிய மழை வந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு எழுந்தவர்கள் கை கழுவுவதற்குள் வாசலில் கணுக்கால் தண்ணீர். பழைய சந்துகளில் எல்லோரும் குழுவில் எழுதினார்கள், மூட்டைகள் பரணுக்குப் போயின, பைக்குகள் பாலத்து மேட்டில் வரிசையாக நின்றன. லூ அத்தை கடையின் தண்ணீர் மோட்டார் மட்டும் கழற்ற நேரமில்லாமல் மூழ்கியது. புதிய வீடுகளில் யாரும் எதையும் நகர்த்தவில்லை. செயலி அவர்களுக்குக் கடைசிவரை வெள்ளையாகவே காட்டியது. தூர்த்த குளத்துக்குத் தண்ணீர் தன் வழியிலேயே திரும்பி வந்தது. சாயங்காலத்துக்குள் அந்த வரிசையின் கீழ்த்தளம் முழுக்க இடுப்பளவு.

உயிர்ச்சேதம் இல்லை. மழை விட்ட மறுநாள் துயெனுக்கு ஒரு போன் வந்தது. தெரியாத எண்.

"துயெனா பேசறது?"

"ஆமாங்க."

"அந்த வெள்ளச் செயலியைச் செஞ்சது நீங்கதானே?" ஆணின் குரல். அதற்குப்பிறகு அவன் பேசியதை அவள் யாரிடமும் திருப்பிச் சொன்னதில்லை. பச்சைக் குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினோம் என்றான். கல்யாணத்துக்கு வாங்கிய சாமான் எல்லாம் போச்சு என்றான். உன் வீட்டில் சாவு விழும் என்றான். அவன் வைத்ததும் அடுத்த எண் வந்தது.

செயலியின் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் அவள் பெயரும் அவள் எண்ணும் அப்படியே இருந்தன. முதல் வருடம், சந்து ஜனங்கள் கூச்சமில்லாமல் கூப்பிடட்டும் என்று அவளே போட்டது. அவள் கியெட்டைக் கூப்பிட்டு அதை எடுக்கச் சொன்னாள்.

"எடுத்துரலாம்," என்றான். "ஆனா அதுக்குப் புதுப் பதிப்பு போடணும். நீ எழுதி வச்சிருக்கறது இங்க யாருக்கும் புரியல. நீ ஒரு நாள் வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போயேன்."

"உள்ள வர்றதுக்கு அனுமதி வாங்கி வைக்கறேன்," என்றும் சேர்த்துக்கொண்டான்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

தண்ணீர் வடிந்தபிறகு புதிய வீடுகளுக்குப் போனாள். "அங்க போகாதடி, கடிச்சுத் துப்பிருவாங்க," என்று லூ அத்தை தடுத்தாள். காவல்காரனைக் காணோம், கேட் திறந்தே கிடந்தது. குழந்தையோடு மாடி ஏறியவர்களின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தாள். புருஷன் இல்லை. அவன் மனைவி, இருபத்தைந்து வயதிருக்கும், பிள்ளை பெற்ற உடம்போடு கூடத்துச் சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள். துயென் தான் யாரென்று சொல்லாமல் மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். யாரோ தன்னார்வலர் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள்.

வெகுநேரம் இருவரும் சேர்ந்து வழித்தார்கள். சோபா ஊறிப் பிளந்திருந்தது. குழந்தை மாடியில் அழுதால் அவள் போய் அமர்த்திவிட்டு வந்தாள். ஒருமுறை இறங்கி வரும்போது இரண்டு தம்ளர் தேநீர் கொண்டுவந்தாள்.

"எந்தச் சங்கத்துலேர்ந்து வர்றீங்கக்கா?"

துயென் தம்ளரைக் கீழே வைத்தாள். "சங்கமெல்லாம் இல்லை. அந்தச் செயலியை எழுதுனது நான்."

"நாங்க அதைப் பாத்துட்டுத்தான் வாங்குனோம்," என்றாள் அந்தப் பெண். "அவருக்கு இந்த இடம் வேணாம்னு இருந்துச்சு. நான்தான் காட்டுனேன், பாருங்க வெள்ளையா இருக்குன்னு."

"அந்த இடத்தை மறைச்சது நானில்லம்மா. எனக்குத் தெரியாம கம்பெனியை வித்துட்டாங்க. தெரிஞ்ச மறுநாளே நான் வெளிய வந்துட்டேன்."

"இருக்கலாம். யாரு வித்தாங்க, யாரு மறைச்சாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க பேருதானே போட்டிருக்கு."

அந்தப் பெண் கிட்டே வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, சத்தம் போடவில்லை.

"மீதியை நான் பாத்துக்கறேன். நீங்க போங்கக்கா, அவரு வந்துருவார்."

துயென் இப்போது உணவகங்களுக்குச் செயலி எழுதும் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். லூ அத்தை மோட்டாரைச் சரிபண்ணிக்கொண்டாள். குழு இன்னும் நடக்கிறது. நிலாத்துறையில் அடுத்த வரிசை வீடுகளுக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டார்கள். செயலியில் துயெனின் பெயர் இன்னும் இருக்கிறது. மழைக்காலத்தில் தெரியாத எண்கள் வரும். எண்ணை மாற்றிவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவள் மாற்றவில்லை. எடுத்து, எந்தச் சந்து என்று கேட்டு, தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று விசாரிக்கிறாள். திட்டினால் முடியும்வரை கேட்டுக்கொள்கிறாள்.